தண்ணீர் யாருக்கு?

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் ஓர் அரசங்கன்று வளர்க்கிறேன். படிக்கட்டுச் சுவரில் தானாக முளைத்தது. எறிய மனம் வராமல் தொட்டியில் வைத்தேன். தினமும் சாமி கும்பிட்டதும் ஒரு செம்புத் தண்ணீர். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. வாடுதேன்னு இரண்டு செம்பு ஊற்றினேன்.

அம்மா கேட்டார்: "தண்ணி மரத்துக்கு ஊத்துறியா, உன் மனசுக்கு ஊத்துறியா?"

தொட்டியைக் கவிழ்த்தேன். வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. மண்ணில் நீர் தேங்கினால் காற்று போகாது. வேருக்கும் மூச்சு வேண்டும். அழுகியதை வெட்டி, துளையுள்ள சிறிய தொட்டியில், மணல் கலந்த மண்ணில் நட்டு, ஜன்னலோரம் வைத்தேன். இப்போது விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

அரசு நமக்கும், இங்குள்ள புத்த மகா விகாரைக்கு வருவோருக்கும் புனிதம். அந்தப் பக்தியிலேயே அதன் தேவையைக் கேட்க மறந்துவிட்டேன்.

நம் சேவையும் சில சமயம் இப்படித்தான். வீட்டில் அரிசி இருக்கிறவருக்கு இன்னொரு மூட்டை அரிசி கொடுத்து, படம் பிடித்துத் திரும்புகிறோம். அவருக்குத் தேவை மருத்துவமனைக்கு ஒரு துணையாக இருக்கலாம். இடம், காலம், பெறுபவர் பார்த்துக் கொடுப்பதே சாத்துவிக தானம் என்கிறது கீதையின் 17ஆம் அத்தியாயம்.

கன்று பிழைக்குமா, தெரியல. ஒரு துளிர் வந்திருக்கு. அடுத்த சேவைக்குப் புறப்படும் முன், நாமும் முதலில் போய்க் கேட்போமே.