ஐந்து மீட்டர்

தெற்கு ஜார்ஜியா தீவில் கரையிறங்குவதற்கு முந்தைய நாள், கப்பலில் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்குவம் கிளீனர் குழாயைக் கொடுத்தார்கள். ஜாக்கெட் பாக்கெட், பையின் மடிப்பு, கையுறையின் வெல்க்ரோ பட்டை என்று ஒன்று விடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். வெல்க்ரோவில் ஒரே ஒரு புல்விதை ஒட்டிக்கொண்டு வந்தாலும் அது அந்தத் தீவில் முளைத்துப் பரவிவிடலாம். என் கேமரா பையின் அடித்தையலிலிருந்து வழிகாட்டி இடுக்கியால் ஒரு விதையை எடுத்துக் காட்டினார். எந்த ஊரில் ஒட்டியதோ. அது குப்பைக்குப் போனபோது ஏதோ பெரிய புண்ணிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு விதிகளைச் சொன்னார்கள். எந்த விலங்கிடமிருந்தும் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவாக நெருங்கி வந்தால் நாம்தான் விலக வேண்டும். ஒரே நேரத்தில் கரையில் நூறு பயணிகளுக்கு மேல் கூடாது. 2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் இந்தத் தீவை எட்டிய பிறகு இன்னும் சில சேர்ந்திருக்கின்றன: தரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைக் கீழே வைக்கக் கூடாது. மண்ணைத் தொடுவது பூட்ஸ் மட்டும்தான். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கித் தேய்த்துவிடலாம். முழங்காலை அப்படித் தேய்க்க முடியாதே.

மறுநாள் காலை செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் நான் மண்டியிட்டேன்.

*

நடந்தது இதுதான். அங்கே சுமார் ஒன்றரை லட்சம் ஜோடி கிங் பென்குயின்கள் இருக்கின்றன. ரப்பர் படகு கரையை நெருங்கும்போதே முதலில் வாடை வந்துவிடும், மீனும் எச்சமும் கலந்த வாடை. அப்புறம் சத்தம். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். மலையடிவாரம் முழுக்க, பனியாறு உருகி ஓடும் ஓடைகளின் இரு கரையிலும், ஆட்கள் நிற்பது போல நின்றுகொண்டிருக்கின்றன. நடுநடுவே பழுப்புக் கம்பளி போர்த்திய மாதிரி குஞ்சுகள். வார்த்தை வராமல் நிற்பது என்று நாவல்களில் படிக்கும்போது சிரித்திருக்கிறேன். அன்று நான் அப்படித்தான் நின்றேன்.

கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஒரு பென்குயின் இறகு உதிர்த்துக்கொண்டிருந்தது. பழைய இறகு பாதி கழன்று தொங்க, பழைய மெத்தை பிய்ந்ததுபோல இருந்தது. அந்த மூன்று நான்கு வாரங்கள் அதனால் கடலுக்குள் போக முடியாது, ஏனென்றால் புது இறகு முழுதாக வளரும் வரை தோல்வரை தண்ணீர் புகுந்துவிடும். கடலுக்குப் போகாவிட்டால் சாப்பாடு கிடையாது. சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அசைவு ஒவ்வொன்றும் செலவு. இதெல்லாம் முந்தைய நாள் வகுப்பில் சொன்னதுதான். குறிப்பெடுத்தும் வைத்திருந்தேன்.

அதன் முகத்துக்கு நேராக, பின்னால் பனியாறு தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் எனக்கு. நின்றபடி எடுத்தால் சரியாக வரவில்லை. சட்டென்று ஒரு முழங்காலை ஊன்றினேன். ஐந்து மீட்டர் தூரம் இருந்ததா? மூன்று இருக்கலாம். அந்தப் பென்குயின் திரும்பி, தள்ளாடி, நாலைந்து அடி நடந்து போய் நின்றது. வழிகாட்டி தூரத்தில் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். அந்தப் பறவை அதனால் செத்துப்போயிருக்காது. காய்ச்சலும் பரவியிருக்காது. எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது. ஆனால் பத்து வருடச் சேமிப்பில், அம்மாவிடம் உண்மையான தொகையைச் சொல்லாமல், பூமியின் அந்தக் கோடிக்குப் போய் நான் செய்தது இது. படம் நன்றாக வந்திருந்தது.

*

இத்தகைய பயணங்களுக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் 1966இல் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்குக் கூட்டிப் போனார், 1969இல் அதற்கென்றே ஒரு கப்பலையும் கட்டினார். நேரில் பார்த்தவர்கள் ஊர் திரும்பியதும் அந்த இடத்துக்காகப் பேசுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. இன்றும் கப்பல்களில் இதைச் சொல்கிறார்கள், அண்டார்டிகாவின் தூதர்களாகத் திரும்புவீர்கள் என்று. கேட்க ஆறுதலாக இருக்கிறது. டிக்கெட் விலையில் பாதி இந்த ஆறுதலுக்குத்தானோ என்று பிறகு தோன்றியது. அந்தக் கப்பல், பெயரும் கையும் பல மாறிய பிறகு, 2007 நவம்பரில் தெற்கு ஷெட்லாந்து தீவுகளருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பல் மட்டும், அது எந்தக் கடலைக் காட்டப் புறப்பட்டதோ அதன் அடியிலேயே கிடக்கிறது.

பார்த்தால் நேசிப்போம், நேசித்தால் காப்போம் என்ற இந்தக் கணக்கை நம்பலாமா? செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவுக்கு அடுத்து எங்களை இறக்கிய இடம் கிரிட்விகன். 1904இல் கார்ல் அன்டன் லார்சன் அங்கே திமிங்கல ஆலையைத் தொடங்கினார். துருப்பிடித்த கொதிகலன்கள் இன்னும் நிற்கின்றன. நீராவியில் கொழுப்பை எண்ணெயாக்கிய கலன்கள் அவை. 1965 வரை அந்தத் தீவின் ஆலைகளில் அறுக்கப்பட்ட திமிங்கலங்கள் 1,75,250. தெற்குக் கடலின் திமிங்கலத்தை அந்த மனிதர்களைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் யார்? அது எந்த மாதத்தில் எங்கே வரும், மூச்சுவிடும்போது எழும் நீராவியைப் பார்த்து எந்த இனம் என்று எப்படிச் சொல்வது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வேலைக்கு நடுவே ஒரு தேவாலயமும் கட்டி வைத்திருக்கிறார்கள். மோசமான மனிதர்கள் என்று சொல்ல முடியவில்லை. பார்த்தார்கள், ரசித்தும் இருப்பார்கள், அறுத்தார்கள்.

மறுபக்கம், 1970இல் ரோஜர் பெய்ன் கூனல் திமிங்கலங்களின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். அதை வாங்கிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு திமிங்கலத்தைப் பார்த்திராதவர்கள், பார்க்கப் போகாதவர்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். திமிங்கலங்களைக் காக்கச் சொல்லி எழுந்த இயக்கத்துக்கு அந்தக் குரல் பெரிய பலம். வணிக வேட்டைக்கான தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே ஒன்றைக் காப்பதற்கு அதை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பது உண்மை இல்லை. நான் போனது பார்க்கும் ஆசையில். ஆசைக்கு ஆசை என்றே பெயர் வைத்துக்கொள்ளலாம். தூதர் பட்டம் வேண்டியதில்லை.

*

ஊர் வந்ததும் அந்தப் படத்தைப் போட்டேன். ஆபீஸில் என் டீமில் இருக்கும் ஒரு பெண் உடனே கேட்டாள்: "அண்ணா, செம்ம! எந்தக் கம்பெனி? லிங்க் அனுப்புங்களேன்." அனுப்பினேன்.

அன்றிரவு எனக்கு ஜேம்ஸ் குக் ஞாபகம் வந்தார். 1775 ஜனவரியில் அந்தத் தீவில் கால் வைத்தவர் அவர். தேடி வந்தது தெற்குக் கண்டத்தை. கரையோரமாகவே போய்த் தென்முனையைத் திரும்பியதும் இது வெறும் தீவு என்று தெரிந்துவிட்டது. அந்த முனைக்கு ஏமாற்ற முனை என்றே பெயர் வைத்தார். இந்த நிலத்தால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதே அவர் எண்ணம். ஆனாலும் பார்த்ததை ஒழுங்காக எழுதினார்: பனி, பாறை, பென்குயின், ஏராளமான சீல்கள். 1777இல் பயணநூல் வெளிவந்தது. 1786 வாக்கில் சீல் வேட்டைக் கப்பல்கள் வந்துவிட்டன. 1825இல் ஜேம்ஸ் வெட்டல் போட்ட கணக்கின்படி அதற்குள் அந்தத் தீவிலிருந்து போன ஃபர் சீல் தோல்கள் சுமார் 12 லட்சம். நூறாண்டு கழித்து அங்கே ஒரு ஃபர் சீலைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

குக் குற்றவாளியா? அவர் பொய் சொல்லவில்லை, கொள்ளையடிக்க வரவில்லை. பார்த்தார், உள்ளதை உள்ளபடி சொன்னார். அடுத்து வருகிறவன் தடியோடு வருவான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் அவரை விட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

என்னை அப்படி விட முடியவில்லை. எனக்குக் குக்கின் கதை தெரியும். என் படத்தைப் பார்த்து என்ன நடக்கும் என்பதும் தெரியும், ஏனென்றால் நானே யாரோ எடுத்த படத்தைப் பார்த்துப் போனவன்தான்.

*

இதற்கு என் நண்பன் சொன்ன பதில்: "டேய், நீ போகலைன்னாலும் அந்த கேபின் காலியாவா போகும்? வேற எவனாவது போவான்." கேட்டவுடன் சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கப்பலில் இருக்கும் ஒவ்வொருவரும் இதையே சொல்லலாம், சொன்னால் கப்பல் நிறைந்துவிடும், யாருமே போகாத மாதிரியும் ஆகிவிடும். கிரிட்விகன் ஆலையில் கத்தி பிடித்தவனும் இதைச் சொல்லியிருப்பான். நான் அறுக்காவிட்டால் வேறொருவன் அறுப்பான், திமிங்கலம் பிழைக்கப் போவதில்லை. அதுவும் சரிதானே? ஒரு நியாயம் அவன் வாய்க்கும் என் வாய்க்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதென்றால், அதை வைத்து நான் தப்பிக்க முடியாது.

விதிகள் இருக்கின்றனவே என்று இன்னொரு பதில். இருக்கின்றன, நல்ல விதிகள்தான். ஆனால் என் தொழிலில் இதை வேறு மாதிரி பார்ப்போம். ஒரு சர்வர் ஒரே சமயத்தில் நூறு பேருக்குமேல் ஏற்காது என்று வைத்தால், அது ஒரு நாளில் மொத்தம் எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறது என்பதற்கு அது வரம்பு ஆகாது. நூறு பேர் போனால் அடுத்த நூறு பேர். கரையிலும் அப்படித்தான், எங்கள் முறை முடிந்ததும் அடுத்த குழுவை இறக்கினார்கள். அண்டார்டிகாவுக்கு 1990களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் பயணிகள் போனார்கள். 2023-24 பருவத்தில் 1,20,000க்கு மேல். ஒரு பருவத்துக்கு மொத்தம் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு அங்கே கிடையாது. ஒவ்வொருவரும் விதியை மதித்து, ஐந்து மீட்டர் தள்ளி நின்று, பூட்ஸைக் கழுவி, உலகின் எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி உஷுவையா வந்து சேர்கிறோம். சென்னையிலிருந்து நான் எரித்த எரிபொருளை எந்த வாக்குவம் கிளீனரும் உறிஞ்சவில்லை.

*

இப்படியே முடித்தால் அதுவும் நேர்மையாக இராது. அந்தத் தீவில் ஒரு பாட்டுக் கேட்டேன்.

தெற்கு ஜார்ஜியா பிபிட் என்று ஒரு சின்னப் பறவை, கிட்டத்தட்ட நம் ஊர் நெட்டைக்காலிக் குருவி போல இருக்கும். அண்டார்டிகாவைச் சுற்றிய பகுதியிலேயே பாடும் பறவை அது ஒன்றுதான். வேட்டைக் கப்பல்களில் வந்த எலிகள் அதன் முட்டையையும் குஞ்சையும் தின்று, பெரிய தீவின் பெரும்பகுதியில் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டன. 2011க்கும் 2015க்கும் இடையே ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு கலந்த தீனியைத் தூவி எலிகளை ஒழித்தார்கள். அதில் வேறு சில பறவைகளும் செத்தன. மோப்ப நாய்களை விட்டுத் தேடிப் பார்த்து, 2018இல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். பிபிட் திரும்பிவிட்டது. அந்த வேலைக்கான நன்கொடையில் என்னைப் போன்ற கப்பல் பயணிகள் கொடுத்ததும் உண்டு.

லிண்ட்பிளாட் ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாம். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. குக்கின் குறிப்பைப் படித்தவர்கள் வந்தார்கள், அவர்களோடு எலி வந்தது, அதைத் திருப்பி எடுக்க இருநூறு வருடத்துக்குமேல் ஆனது. பயணிகள் கொடுத்தது பழைய கடனுக்கான தவணை. கடனை அடைப்பவனை யாரும் வள்ளல் என்று கொண்டாடுவதில்லை, அவனும் அதை எதிர்பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒரு கடன் இருக்கிறது, அதை அவன் கட்ட வேண்டும். கட்டுவேன் என்ற எண்ணமே போவதற்கான அனுமதிச் சீட்டும் ஆகாது. நான் போனதில் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் காலை நேரத்தை யார் கேட்டாலும் திருப்பித் தர மாட்டேன். சிக்கலே அதுதான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். "அண்ணா, அட்வான்ஸ் கட்டிட்டேன். உங்க போட்டோவைப் பாத்துதான்."

கேன்டீனில் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். குக், திமிங்கலம், கணக்கு. பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அப்ப போக வேணாங்கறீங்களா? நீங்க மட்டும் பாத்துட்டு வந்துட்டீங்க" என்றாள். கோபமில்லை, சும்மாதான் கேட்டாள். பந்தியில் முதலில் சாப்பிட்டு எழுந்தவன், அடுத்துக் காத்திருப்பவரிடம் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று சொல்வது போலிருந்தது எனக்கு. பதில் சொல்ல முடியவில்லை.

அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். அந்தப் படத்தை ஃபோனில் எடுத்துக் காட்டி, இதை எடுக்க நான் எங்கே முழங்காலை ஊன்றினேன், அந்தப் பறவை எத்தனை அடி நடந்தது என்று சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை பார்த்தபோது இருந்த முகம் இப்போது இல்லை.

"நின்னுக்கிட்டே பாரு" என்றேன். "படம் சரியா வரலைன்னா விட்டுடு. மண்டி போடாத."