கைப்பேசித் திரையும் அமானிதமும்

வேப்பந்தட்டை வட்டாரத்திலிருந்து வளைகுடா சென்றவர் முன்பெல்லாம் கடிதத்தை ஒட்டி அனுப்புவார், உரியவரே பிரிப்பார். இன்று வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, மனைவிக்கு மட்டும் எழுதிய வார்த்தை எல்லாம் ஒரே கைப்பேசியில் கிடக்கின்றன. அதுவோ பிள்ளையின் கைக்கும் விருந்தாளியின் கைக்கும் போய் வருகிறது.

நம்மில் பலர் கவனியாத ஒன்றுண்டு. ஒரு செயலியை விட்டு வேறொன்றுக்கு மாறுகையில், கடைசியாகத் தெரிந்த திரையைக் கைப்பேசி படமாகப் பிடித்துவைக்கிறது. அண்மையில் திறந்தவற்றின் வரிசையில் அப்படம் அப்படியே நிற்கும். ஆண்ட்ராய்டில், செயலியைச் செய்தவர் 'ஃபிளாக் செக்யூர்' என்னும் குறியை இட்டிருந்தால் அங்கே வெற்றுத் திரையே தெரியும். ஐபோனில், படம் பிடிபடுமுன் அவர் ஒரு மறைப்பைப் போட்டுவிட வேண்டும். வங்கிச் செயலிகள் பல இப்படிச் செய்கின்றன. சிக்னல் செயலியில் இதை நாமே இயக்கிக்கொள்ளலாம்.

"தவறு செய்தவனல்லவா மறைப்பான்?" என்று கேட்போர் உளர். சூரத்துன் நூரின் 58ஆம் வசனத்தை அவர்கள் ஓதிப் பார்க்கட்டும். ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களையும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளிலும் வீட்டுப் பணியாட்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி பெற்றே வரவேண்டும் என்கிறது அது. அங்கே யாரும் பாவம் செய்துகொண்டிருக்கவில்லை! ஹலாலான வாழ்வுக்கே திரை வேண்டியிருக்கிறது.

ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பேச்சு அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு நபிமொழி உண்டு. 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் வாய் திறக்கவில்லை. தலை திரும்பியதே போதுமானதாயிற்று. அப்படியானால், கடன் கேட்டு நமக்கு எழுதிய உறவினரின் மானமும், நோயைச் சொன்ன சகோதரியின் மானமும் நம் திரையில் இருக்கின்றன. அவற்றைத் திறந்துபோட நமக்கு உரிமை ஏது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தனர். நம் வீடுகளுக்கு இது புதிய செய்தியன்று.

ஆனால் பங்காளியிடமிருந்து கணக்கை ஒளிக்கவும், மனைவியிடமிருந்து அவள் நகையின் மேல் வாங்கிய கடனை மறைக்கவும் இதே திரை உதவும். இதை நாம் மறுக்கவில்லை. கேட்க உரிமையுள்ளவரிடம் உண்மையை ஒளிப்பது வஞ்சகமே. அதற்கு 'சத்ர்' என்று பெயர் சூட்டுவது வீண்.

பார்ப்பவர் மீதும் பொறுப்புண்டு. தம் இல்லத்தின் துவாரம் வழியே எட்டிப் பார்த்தவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததையும், அனுமதி கேட்கும் விதியே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கியதையும் புகாரி பதிவு செய்துள்ளது.

எனினும் இந்த மறைப்பு அந்த வரிசைக்கு மட்டுமே. திறந்த கைப்பேசியைப் பிறரிடம் கொடுத்தால் செயலியைத் தொட்டவுடன் யாவும் வெளிவரும். அதற்குத் தனிப் பூட்டு வேண்டும். நம் பிள்ளைகளில் செயலி எழுதும் பணியிலிருப்போர் இம்மறைப்பைத் தாமே இட்டுவிடுவது நல்லது. குறியைப் பற்றி அறியாத மூதாட்டியும் அச்செயலியை நம்பித்தான் திறக்கிறார்.