ஃபஸ்ட் க்ளாஸ், டாக்டர்!

போன மாதம் நண்பர் ஒருவருக்குத் துணையாக டாக்டரிடம் போயிருந்தேன். அவருக்கு ஏழு வருடமாக அல்சரேடிவ் கோலைடிஸ். பெருங்குடலின் உட்சுவரில் புண். அடங்கின மாதிரி இருக்கும். திடீரென்று ரத்தமும் வயிற்றுப்போக்குமாகக் கிளம்பும்.

"எத்தனை தடவை போறீங்க?"

"நாலு தடவைதான். முன்னே பன்னிரண்டு."

"மாத்திரை திருப்தியா இருக்கா?"

"ஃபஸ்ட் க்ளாஸ், டாக்டர்!"

மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். ஆட்டோவில், "மதுரையில ஒரு கல்யாணம், வர்றீங்களா?" என்றேன். "ரயிலெல்லாம் நமக்கு எதுக்கு ஸார்? ஏறி நாலு வருஷமாச்சு" என்றார், சர்வசாதாரணமாக. கோயமுத்தூரில் மகள் பட்டம் வாங்கியபோதுகூடப் போகவில்லையாம். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு அவர் போவதில்லை.

ஆனால் மருந்தில் பரம திருப்தி. பொய்யில்லை, நிஜமாகவே திருப்தி. அதுதான் என்னைக் குடைந்தது.

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டாக்டர் எழுதித் தந்த மருந்தோடு இந்த மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டால், எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

திருப்தி எதிர்த்திசையிலும் ஏமாற்றும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சில நாளிலேயே ரத்தத்தை நிறுத்தும், பசியைக் கிளப்பும். நோயாளி கையெடுத்துக் கும்பிடுவார். முகம் உப்புவதும், தூக்கம் போவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு பலவீனமாவதும் பின்னால் வரும் பில். மெசலமின் அப்படியில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதும் தினம் விழுங்க வேண்டும். அது செய்கிற உபகாரம், நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்வது. நான் பி.காம். படித்தவன். வராத நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பலர் பாதியில் நிறுத்திவிடுவதில் ஆச்சரியமில்லை.

1955-ல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த நோய்க்கு கார்ட்டிசோனைச் சோதித்தபோது, அதன் தீவிரத்தை அளக்க ஒரு வழி வகுத்தார்கள். எத்தனை தடவை, எவ்வளவு ரத்தம், ஜுரம், நாடித்துடிப்பு, ரத்தசோகை. இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிற அளவுகோல். குறை சொல்லவில்லை. ஆனால் மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு அதில் கட்டம் கிடையாது.

சரி, நிம்மதியாக இருக்கிற மனுஷரிடம் போய், "நீங்க இழந்தது இவ்வளவு" என்று கணக்குக் காட்ட எனக்கென்ன உரிமை? மேலே மருந்துகள் உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாப்புக்கு இந்த நோய்க்காக அமெரிக்காவில் 2005-ல் அனுமதி கிடைத்தது. பிறகும் பல வந்துவிட்டன. விலை மலைக்க வைக்கும், தொற்று பயமும் உண்டு. எல்லோருக்கும் கேட்கும் என்றும் இல்லை. ஆசையைக் கிளப்பிவிட்டு, அது நடக்காவிட்டால்?

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னேன். விசாரித்துப் பார்த்துப் 'போதும்' என்பது வேறு, கேட்கவே தோன்றாமல் 'போதும்' என்பது வேறு என்றேன். பதில் பேசவில்லை. கொஞ்சம் கோபம்கூட.

இந்த வாரம் மறுபடி போனோம். அதே கேள்வி. நண்பர் என்னை ஒரு தடவை பார்த்தார், செருமினார்.

"ஃபஸ்ட் க்ளாஸ்தான் டாக்டர்... ஆனா, கோயமுத்தூர் போக முடியலை."

டாக்டருக்குப் புரியவில்லை. "கோயமுத்தூர்ல என்ன?" என்றபடி பேனாவைக் கீழே வைத்தார்.