மலையேறுமுன் எழுதும் கணக்கு

தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் பங்கு இல்லத்தின் மேசைமீது ஒரு தாள் வந்து சேரும். மலையாற்றூர்த் திருப்பயணத்தின் செலவுக் கணக்கு அது. பேருந்து வாடகை, ஓட்டுநர் படி, சுங்கச்சாவடி, அரிசி, பருப்பு, எரிவாயு உருளை, ஓரிரவு தங்கும் கூடம், முதலுதவி மருந்து எனப் பங்குப் பேரவைச் செயலர் வரிசையாக எழுதிக் கூட்டி, ஐம்பதால் வகுத்து, அடியில் கோடிட்டு ஒரு தொகையைக் குறித்திருப்பார். அதனை ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவிப்பது நம் பணி. பல ஆண்டுகள் அவ்வாறே அறிவித்தோம். வகுத்தல் சரியா என்று பார்த்தோமேயன்றி, கணக்குச் சரியா என்று பார்த்தோமில்லை.

ஆம்பூரிலிருந்து சேலம், கோவை, பாலக்காடு, அங்கமாலி வழியாக மலையாற்றூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். காலடியைக் கடந்து, பெரியாற்றின் அருகே எழும் குரிசுமுடிக் குன்றில் திருத்தூதர் தோமா இறைவேண்டல் செய்தார் என்பது மரபு. சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் சிந்தித்தவாறு, கற்கள் துருத்தி நிற்கும் வழியில் ஏற வேண்டும். காட்டு யானைகள் உலவிய இடம் அது. யானை குத்திய கோவில் என்றே பெயர்பெற்ற பழைய சிற்றாலயம் ஒன்று உச்சியில் உண்டு. நம் மக்களுள் பலர் செருப்பைக் கழற்றிவிட்டே ஏறுவர். ஆண்டு முழுவதும் அயல்நாட்டார் கால்களுக்குக் காலணி தைப்போர் அந்த ஒரு நாள் வெறுங்காலோடு நடப்பதைக் கண்டு நாம் உள்ளூரப் பெருமிதம் கொண்டதுண்டு. அந்தப் பெருமிதமும் சற்று ஆராயத் தக்கதே.

2018ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் தலைக்கு 1,800 ரூபாய் என அறிவித்திருந்தோம். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாய், வேலை முடிந்த கையோடு நம்மைத் தேடி வந்தார். மகன் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் மலையாற்றூர் மலையேறுவதாக நேர்ந்துகொண்டவர். "சாமி, மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறேன். வாரத் தவணைதான், கட்டிவிடலாம். கடன் வாங்கி நேர்ச்சை செலுத்தினால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா?" என்று கேட்டார்.

"ஆண்டவர் உள்ளத்தைப் பார்க்கிறார், அம்மா" என்றோம். அது பொய்யன்று, ஆனால் விடையுமன்று. அவர் கேட்டது கடனைப் பற்றி; நாம் சொன்னது உள்ளத்தைப் பற்றி. பேருந்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. ஐம்பது இருக்கைகளில் ஏழு நிரம்பாமல் இருந்தன. அவை நிரம்பாவிடில் 1,800 என்னும் எண் நிற்காது. அந்தத் தாய் நம் கண்ணுக்கு ஓர் இருக்கையாகவும் தெரிந்தார். இதை எழுத நாணுகிறோம்.

அவர் வந்தார், ஏறினார், உச்சியில் கண்ணீரோடு செபித்தார். ஜூன் மாதத்தில் மகனைப் பதினோராம் வகுப்பில் சேர்க்க நம்மிடம் கடிதம் கேட்டு வந்தபோதுதான் மீதிக் கணக்கை அறிந்தோம். சனிக்கிழமைக் கூலி போயிற்று. விடுப்பின்றி வேலை செய்வோர்க்குரிய ஊக்கத்தொகை அம்மாதம் போயிற்று. கால் வீங்கித் திங்கட்கிழமைக் கூலியும் போயிற்று. இரு வாரங்கள் தவணை தவறவே, குழுவின் வழக்கப்படி மற்றப் பெண்கள் தங்கள் கையிலிருந்து கட்டினர். செயலரின் தாளில் இல்லாத இவ்வரிகளைச் சேர்த்தால் 1,800 ஏறக்குறைய இரு மடங்காகிறது. நமக்கோ அந்தப் பயணத்தால் ஒரு காசும் குறையவில்லை. தன் நாளுக்கு விலையில்லாத ஒருவர் பிறருடைய பயணத்துக்கு விலை குறிக்கும்போது நேரும் பிழை இது.

இறைவனுக்குச் செய்வதில் கணக்கு ஏன் என்று கேட்போர் உண்டு. பெத்தானியாவில் இயேசுவின்மேல் நறுமணத் தைலத்தை ஊற்றிய பெண்ணை அவர்கள் சுட்டுவர். முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவர்களே அங்கே கடிந்துகொள்ளப்பட்டனர். வலிமையான வாதம், நாமும் அதில் நெடுநாள் தயங்கி நின்றோம். ஆனால் அந்தத் தைலம் அப்பெண்ணுடையது. அவர் உடைத்த குப்பிக்காக வேறொருவர் பசித்திருந்ததாக நற்செய்தி கூறவில்லை. தாய் தந்தையர்க்கு உரியதைக் கொர்பான், அதாவது இறைவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவைப்போரை அதே ஆண்டவர் எத்துணைக் கடுமையாகச் சாடினார் என்பதையும் மாற்கு எழுதி வைத்துள்ளார். ஆகவே எவ்வளவு செலவாகும் என்பதைக் காட்டிலும் கூரிய கேள்வி, யாருக்கு உரியதைச் செலவிடுகிறோம் என்பதே. மகனின் பள்ளிக் கட்டணமும், தவணைக்காகக் கைகோத்து நிற்கும் பத்துப் பெண்களின் சேமிப்பும் நேர்ச்சை செய்தவருக்கு மட்டும் உரியவை ஆகா.

நம் ஊரில் இதனை அண்டை வீட்டார் நம்மினும் தெளிவாக அறிந்திருக்கின்றனர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம்மோடு வாழும் இசுலாமிய அன்பர்களுக்கு ஹஜ் பயணம், சென்று வர வசதியுள்ளவர்மீது மட்டுமே கடமை. புறப்படுமுன் கடனைத் தீர்க்க வேண்டும். திரும்பும்வரை வீட்டார் உண்ண வழிசெய்ய வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் நம் திருப்பயணிகளும் கடன்களைத் தீர்த்து, உயில் எழுதிவிட்டே நெடும்பயணம் புறப்பட்டனர். அந்த ஒழுங்கை நாம் எப்போது மறந்தோமோ!

திருச்சபையின் சட்டமும் நேர்ச்சையை அந்தரத்தில் விடவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1191ஆம் எண், நேர்ச்சையின் பொருள் இயலக்கூடியதாகவும் மேலான நன்மையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 1196ஆம் எண்ணின்படி, தக்க காரணம் இருந்து, பிறர் உரிமைக்கு ஊறு நேராதெனில், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து பங்குத்தந்தையே தம் மக்களுக்கு விலக்கு அளிக்கலாம். 1197ஆம் எண் இன்னும் எளிது: நேர்ந்துகொண்டவர் அதனைச் சமமான அல்லது மேலான மற்றொரு நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் குருவின் இசைவும் வேண்டா. குருமடத்தில் இதனைப் படித்துத் தேர்வும் எழுதியவர் நாம். அன்று மாலை அத்தாயிடம் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கணக்கைச் சரிசெய்துவிட்டால் ஏழைகள் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது பொருளாகிவிடுமோ என்ற அச்சம் அடுத்து எழுந்தது. அதற்கு விடை தேடியபோது இயேசு சபைத் துறவி இப்போலித்தோ தெசிதேரி நினைவுக்கு வந்தார். இன்று அரசு ஏற்பாட்டிலேயே இலட்ச ரூபாய்க்கு மேல் செலவாகும் கயிலை மலைப் பாதையை, 1715ஆம் ஆண்டுக் குளிரில் கடந்தவர் அவர். மானசரோவர் ஏரியையும் கண்டு எழுதினார். லே நகரிலிருந்து உடன் துறவி ஒருவரோடு புறப்பட்டவர், ஆளற்ற அந்தப் பெருவெளியைத் தம் கைப்பொருளால் கடக்க இயலாதெனக் கண்டார். மங்கோலியப் படைத்தலைவர் ஒருவரின் விதவையான மாதரசி லாசாவுக்குப் புறப்படவிருந்தார். அவருடைய பயணக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டதாலேயே 1716 மார்ச் மாதம் இருவரும் உயிரோடு போய்ச் சேர்ந்தனர். வேற்றுச் சமயப் பெண் ஒருவர் சுமந்த பயணம் அது. (இதே தெசிதேரி பின்னர்ப் புதுச்சேரிக்கு வந்து தமிழ் பயின்றார் என்பதும், 1727இல் நம் அருளானந்தரின் அருளாளர் பட்ட முயற்சிக்காக உரோமைக்கு அனுப்பப்பட்டார் என்பதும் பலர் அறியாதது.) நெடிய மலைவழியைத் தனி ஒருவரின் பணப்பை கடந்ததில்லை, கூட்டமே கடந்தது. நம் செயலரின் தாளோ கூட்டத்தை ஐம்பது தனிப் பணப்பைகளாக வகுத்துவிடுகிறது.

2019 முதல் தலைக்கு இவ்வளவு என்று அறிவிப்பதை நிறுத்தினோம். முழுச் செலவையும் கூலி இழப்பையும் சேர்த்துப் படிக்கிறோம். பூட்டிய பெட்டி ஒன்று ஆலய நுழைவில் இருக்கும். இயன்றவர் இயன்றதை இடுவர். யார் எவ்வளவு இட்டார் என்பது நமக்கும் தெரியாது. முதல் ஆண்டிலேயே 7,000 ரூபாய் துண்டு விழுந்தது. பங்கு நிதியிலிருந்து எடுக்கலாம் என்றபோது பேரவையின் மூத்தவர் ஒருவர், "அது ஒழுகும் கூரைக்கு வைத்த பணம், சாமி, அதுவும் ஒருவகைக் கொர்பான் ஆகிவிடாதா?" என்று கேட்டார். நம் வாதத்தையே நம்மீது திருப்பினார். அவர் சொன்னது தவறு என்று நம்மால் கூற இயலவில்லை. அந்தத் தொகையை நம் குருத்துவ வெள்ளி விழாவுக்கு உறவினர் அளித்த பணத்திலிருந்து கட்டினோம். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளி விழா வராது.

அந்தத் தாய் பின்னர் நம்மிடம் வந்து, தமக்காகத் தவணை கட்டிய பெண்களுள் ஒருவர் நோயுற்றிருப்பதாகவும், மாலைதோறும் அவர் வீட்டில் சமைத்துக் கொடுப்பதாகவும் கூறினார். இதை முன்னமே செய்திருந்தால் நேர்ச்சைக்கு ஈடாகியிருக்குமா என்று கேட்டார். ஆகியிருக்கும் என்றோம். "அப்போது ஏன் சொல்லவில்லை, சாமி?" என்றார். இருக்கைக் கணக்கை அவரிடம் அன்றுதான் ஒப்புக்கொண்டோம். அவர் சினக்கவில்லை. "மலை ஏறியது நல்லதாகத்தான் இருந்தது" என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார்.

இவ்வாண்டு பேருந்துக்கு முன்பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள்கள் உள்ளன. பட்டியலில் முப்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. பெட்டியை இன்னும் திறக்கவில்லை.