ஒரு பச்சை இலை, ஒரு பெண்மணி

பத்து ஷேர் வைத்திருக்கிற பாவத்துக்கு வருஷா வருஷம் எனக்கு ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை வந்துவிடுகிறது. முன்பெல்லாம் தபாலில், இப்போது ஈமெயிலில். அட்டையில் ஒரு பச்சை இலை, அதன் மேல் ஒரு பனித்துளி. நாலு பக்கம் தள்ளினால் டைரக்டர்களின் குரூப் போட்டோ. கோட்டு போட்ட ஆண்கள் வரிசைக்கு நடுவே பட்டுப்புடவையில் ஒரே ஒரு பெண்மணி.

இலையும் சரி, பெண்மணியும் சரி, தானாக வந்துவிடவில்லை. சட்டம் கூட்டி வந்தது. பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகளின் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டம். கெடு 2015 ஏப்ரலில் முடிந்தது. கடைசி நேரத்தில் நம் முதலாளிகளில் பலர் வெளியே தேடி அலையவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்கள். மனைவி, மகள், மருமகள் எல்லாரும் டைரக்டர் ஆனார்கள். (அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. முதலாளியின் மகனை மட்டும் பரீட்சை வைத்தா சேர்த்தார்கள்?) செபி சும்மா விடவில்லை. 2020 ஏப்ரல் முதல் பெரிய 1000 கம்பெனிகளிலாவது சுயேச்சையான பெண் டைரக்டர் ஒருவர் கட்டாயம் என்றது.

இலையின் கதையும் அப்படித்தான். 2012-ல் 100 பெரிய கம்பெனிகளிடம் ஆரம்பித்தது, 2022-23 நிதியாண்டு முதல் 1000 கம்பெனிகளுக்கும் நீளமான ஒரு படிவமாகிவிட்டது. கரண்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, புகை எத்தனை டன், குப்பை எங்கே போகிறது, போர்டில் பெண்கள் எத்தனை சதவீதம்... எல்லாம் ஒரே படிவத்தில்.

இப்போது இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள். போர்டில் பெண்கள் அதிகமானால் அந்தக் கம்பெனி சுற்றுச்சூழல் விவரங்களை அதிகம் வெளியிடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. "பாருங்க சார், பெண்கள்னா பொறுப்பு" என்று மேடையில் கைதட்டல் வாங்கலாம். எனக்கு மட்டும் தொண்டையில் முள்.

அதிகம் சொல்கிறார்கள், சரி. குறைவாகக் கெடுக்கிறார்களா? ஒரு சின்னக் கணக்கு. போன வருஷம் விற்பனை 100 கோடி, புகை 1000 டன். இந்த வருஷம் விற்பனை 150 கோடி, புகை 1200 டன். கோடிக்கு 10 டன் என்பது 8 டன் ஆகிவிட்டது. "மாசு 20 சதவீதம் குறைந்தது!" என்று முதல் பக்கத்தில் போடலாம். பொய்யே இல்லை. ஆனால் வானத்துக்குப் போனது 200 டன் அதிகம். வானத்துக்கு உங்கள் டர்ன்ஓவர் தெரியுமா என்ன?

பி.காம். படிக்கும்போது எங்களுக்குக் குட்வில்லுக்கு விலை போடச் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நல்ல பெயருக்குப் பேலன்ஸ் ஷீட்டில் இடம் உண்டு. ஆலைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற ஆற்றுக்கு எந்தப் பத்தியிலும் இடம் இருந்ததில்லை. இந்தப் படிவங்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் திறந்திருக்கின்றன. அதனால்தான் அதில் என்ன எழுதுகிறார்கள் என்பது முக்கியம்.

நம்ம ஊர் இந்திரா நூயியை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸில் தண்ணீருக்குத் தவித்த வீட்டுப் பெண். 2006 ஆகஸ்டில் அவர்தான் பெப்சிகோவின் அடுத்த தலைவர் என்று அறிவிப்பு வருகிறது. அதே மாதம் டெல்லியில் இன்னொரு பெண், சுனிதா நாராயண், குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாகத் தன் நிறுவனத்தின் இரண்டாவது ஆய்வை வெளியிடுகிறார். 2003-ல் வந்த முதல் ஆய்வைப் பாராளுமன்றக் கூட்டுக் குழுவே சரி என்றிருந்தது. கம்பெனியோ எங்கள் பானம் பாதுகாப்பானது என்றது. பின்னால் நூயி காலத்தில் பெப்சிகோ தண்ணீர்ச் செலவைக் குறைத்து, 2012-ல் ஸ்டாக்ஹோமில் தண்ணீருக்கான விருதும் வாங்கியது. உண்மையான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பேசிய சேமிப்பு ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு என்கிற வகைக் கணக்கு. பாட்டில் எத்தனை என்பது வேறு கணக்கு.

இரண்டு பேரும் பெண்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து அறிக்கை கொடுத்தார். மற்றவர் வெளியே நின்று பரிசோதனைக்கூடத்தில் சரிபார்த்தார். இதில் 'பெண்மை' எந்தப் பக்கம் இருந்தது, சொல்லுங்கள்?

அமெரிக்காவில் விக்கி ஹாலப் என்று ஒருவர். 2016-ல் ஆக்ஸிடென்டல் என்கிற பெரிய எண்ணெய்க் கம்பெனிக்குத் தலைமை அதிகாரி ஆனார். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் கம்பெனியை 2023-ல் சுமார் 110 கோடி டாலருக்கு வாங்கினார். பச்சை என்று நினைப்பீர்கள். அந்தத் தொழில்நுட்பம் இருந்தால் எண்ணெய்த் தொழிலை இன்னும் பல காலம் நடத்தலாம் என்பது அவரே வெளிப்படையாகச் சொன்ன காரணம். எண்ணெய்க் கம்பெனித் தலைவர் எண்ணெய் வியாபாரம் பார்க்கிறார். ஆணாக இருந்தால் நமக்கு ஆச்சரியமே வந்திருக்காது.

அங்கேதான் என் இரண்டாவது முள். பெண்ணுக்கு நாற்காலி கொடுக்க நாம் ஏன் ஒரு நன்மையைக் காட்ட வேண்டியிருக்கிறது? "அவங்க வந்தா சுத்தமா இருக்கும்" என்பது பாராட்டு மாதிரி இருக்கிறது. உற்றுக் கேளுங்கள், வீட்டைப் பெருக்கச் சொன்ன அதே குரல். நூறு வருஷம் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, 'நீங்கள் வந்தால் ஆறு சுத்தமாகுமா?' என்று ஒருவரையும் கேட்டதில்லை. ஒரு பெண் டைரக்டர் சராசரியாக இருக்கவும் உரிமை உள்ளவர். லாபத்தை மட்டும் பார்க்கிறவராக இருந்தால், அதே வேலையைச் செய்யும் ஆணைத் திட்டுகிற அளவுக்கு அவரையும் திட்டுங்கள். கூட ஒரு பங்கு வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒரு கம்பெனியில் இந்த அறிக்கை தயாரிக்கும் பிரிவில் இருந்தார். ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து சொன்னார்கள்: "கோடிக்கு எவ்வளவுங்கற நம்பரை மட்டும் முன்னாடி போடும்மா. மொத்த டன் பின்னாடி டேபிள்ல இருக்கே, போதும்."

இவர் இரண்டையும் ஒரே பக்கத்தில்தான் போடுவேன் என்று நின்றார். மூன்று மீட்டிங். போர்டில் இருந்த ஒரே பெண் டைரக்டர் தனக்கு உதவுவார் என்று நினைத்திருக்கிறார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஆடிட் கமிட்டியில் இருந்த, ரிட்டயரான ஒரு வங்கி அதிகாரி, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதானே, ரெண்டையும் போடுங்க" என்றாராம்.

"அந்த மேடம் மேல கோபமா?" என்று கேட்டேன்.

"முதல்ல இருந்துச்சு சார். அப்புறம் யோசிச்சேன். பத்துப் பேர் நடுவுல ஒத்தை ஆளா உக்காந்திருக்காங்க. அவங்க எப்படி வந்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னும் ரெண்டு பேர் இருந்திருந்தா பேசியிருப்பாங்களோ என்னவோ."

அந்த வருஷ அறிக்கையில் இரண்டு நம்பரும் ஒரே பக்கத்தில் வந்தன. 94-ம் பக்கம். அப்ரைசலில் அவருக்கு, 'மற்றவர்களோடு இணைந்து வேலை செய்யப் பழக வேண்டும்' என்று எழுதினார்கள். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அங்கே போர்டில் பெண்கள் மூன்று பேர் என்று சொன்னார். அறிக்கை வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லையாம்.