நுண்ணூசியும் ஓரறிவும்

குழந்தைப்பேறு வேண்டுவோர்க்காக ஒரேயொரு விந்தணுவை முட்டைக்குள் நேரே செலுத்தும் இக்சி என்னும் முறை 1992ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்களால் அறிவிக்கப்பட்டது. இன்று அது தமிழகத்துக் கருத்தரிப்பு மையங்களிலும் அன்றாடப் பணி. பொருளைக் கீழிருந்து நோக்கும் தலைகீழ் நுண்ணோக்கியின் மேடை 37 பாகை செல்சியசில் வைக்கப்பட, அதன் இருபுறமும் பொருத்திய நுண்கையாள்கருவி, அதாவது கையின் அசைவை நுண்ணளவுக்குச் சுருக்கித் தரும் பொறி, இரண்டு கண்ணாடி நுண்குழல்களை இயக்குகிறது. ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள முட்டையை மெல்லுறிஞ்சலால் பற்றிக்கொள்ள, மற்றொன்று அதைத் துளைக்கிறது. அப்போது முட்டையின் சவ்வு உடனே கிழிவதில்லை. ஊசியோடு வெகுதூரம் உள்வளைந்த பிறகே இடம் கொடுக்கிறது.

அந்த வளைவில் தொடப்படுவது பொருளா, உயிரா? தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கையில் தொடுகையை முதல் அறிவாக வைத்துப் புல்லையும் மரத்தையும் அதில் சேர்க்கிறது. சமணம் இன்னும் கீழே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து வாழும் நிகோதத்தைக் கூறுகிறது. தொழில் செய்து வாழும் இல்லறத்தாரை அந்நெறி கைவிடவில்லை என்பது இங்கே மிக முக்கியம். உழவிலும் பட்டறையிலும் தவிர்க்க இயலாமல் நேரும் தீங்கு வேறு, எண்ணித் துணிந்து செய்யும் தீங்கு வேறு என்று பிரித்து, பின்னதையே அது இல்லறத்தார்க்கு முற்றாக விலக்குகிறது.

இப்பிரிவின்படி ஊசி துளைக்கையில் ஒரு முட்டை சிதைவது தொழில்வழித் தீங்கே. ஆயினும் கருவுற்ற பின் கணக்கு மாறுகிறது; ஏனெனில் சமணம் மனிதனைக் கருவிலேயே ஐம்பொறியுயிராகக் கொள்கிறது, ஓரறிவுயிர்க்குரிய சலுகை அங்கே செல்லாது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் உறைநிலைக் கருக்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க அனுமதிப்பதில்லை. அதன்பின் அவை அழியவிடப்படலாம், அல்லது தம்பதியர் ஒப்புதலுடன் ஆய்வுக்கு அளிக்கப்படலாம். ஒரு மகவுக்காகப் பல கருக்களை உருவாக்குவது வெற்றிவாய்ப்பைக் கூட்டுகிறது, பெண்ணுடல் மீண்டும் மீண்டும் படும் துன்பத்தையும் குறைக்கிறது. இக்காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், மிஞ்சுபவை அழியும் என்று முன்னரே அறிந்து அவற்றை உருவாக்குவது, தவறிச் சிதைந்த முட்டையைவிட எண்ணித் துணிந்த தீங்குக்கே நெருக்கமானது. ஆகவே அறத்தின் கேள்வி ஊசியைப் பிடித்த கையிடம் எழுவதன்று. எத்தனை முட்டைகளைக் கருவுறச் செய்வது என்று தம்பதியரும் மருத்துவரும் முன்னதாகவே அமர்ந்து முடிவு செய்யும் அறையில் எழுவது.