பக்கத்தில் அமர்ந்தவர்

கச்சேரி மேடையில் வயலின்காரருக்குப் பாடகரின் பக்கத்தில்தான் இடம். எந்த ராகம், எந்தக் கீர்த்தனை, எந்த வரியில் நிரவல் என்பதெல்லாம் பாடகரின் முடிவு. பெரும்பாலும் அதை முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. சுருதியும் அவருடையதே. இன்று ஒரு கட்டை. நாளை பாடுபவர் பெண் என்றால் ஐந்து கட்டை. அதற்கேற்பத் தந்திகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியைப் பாடி முடிக்குமுன் வில் அதைத் தொட்டுவிட வேண்டும், அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அதை நீட்டித் தாங்க வேண்டும், மறுபடி அவர் வாயெடுத்ததும் ஒதுங்கிவிட வேண்டும். லால்குடி ஜெயராமன் தம் 12ஆம் வயதில் இந்த இடத்தில் வந்து அமர்ந்தார்.

1930 செப்டம்பர் 17 அவர் பிறந்த நாள். அவர் பெயரோடு சேர்ந்து வரும், திருச்சிக்கு அருகிலுள்ள லால்குடிக்குத் திருத்தவத்துறை என்றும் பெயர். அங்கே கோயில் கொண்ட சப்தரிஷீஸ்வரர்மீதும் அம்பாள்மீதும் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகளை லால்குடி பஞ்சரத்னம் என்கிறோம். தியாகராஜரின் சீடரான லால்குடி ராமய்யரின் வழியில் வந்தவர் கோபாலய்யர். அவரே ஜெயராமனுக்குத் தந்தை, அவரே குரு.

வீணைக்கு மெட்டுகள் உண்டு. வயலினின் விரற்பலகையில் எந்த அடையாளமும் கிடையாது. ஸ்வரம் இருக்குமிடத்தைக் காதுதான் விரலுக்குச் சொல்ல வேண்டும். மயிரிழை விலகினாலும் அபஸ்வரம். கேட்பதை ஒரு கணம் நிறுத்தினால் வாசிப்பும் அங்கேயே நின்றுவிடும். இதைத் தவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று பெரும் பாடகர்களோடு அவர் வாசித்த மேடைகள் விரிந்தன. அரியக்குடியின் மத்யமகால ஓட்டம் வேறு, ஜி.என்.பி.யின் பிருகா வேறு, மணி ஐயரின் சர்வலகு ஸ்வரம் வேறு, ஆலத்தூராரின் லயக் கணக்கு வேறு. ஒருவருக்கு வாசித்த கையோடு மற்றவரிடம் போய் அமர முடியாது. நேற்றைய கச்சேரியை இறக்கி வைத்துவிட்டு, வெறும் காதோடு போக வேண்டும். தமக்குப் பிடித்ததை, தாம் நன்றாக வாசிக்கக்கூடியதைக்கூட, பாடகர் அந்தப் பக்கம் வராதவரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு முடியும் இது?

பக்கவாத்தியத்தைச் சிறிய இடமாக நினைப்பவர்கள் உண்டு. நம் மரபு அப்படி நினைக்கவில்லை. அறுபத்துமூவரில் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்து உடன் நடந்தவர். அவருடைய தாய் பிறந்த தருமபுரத்தில், அவர் வாசிப்பதாலேதான் பதிகங்கள் பரவுகின்றன என்று உறவினர்கள் பெருமையாகச் சொன்னார்கள். தமக்கு வந்த புகழ் பாணருக்கு வலித்தது. யாழுக்குள் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று சம்பந்தரிடம் வேண்டிக்கொண்டார். சம்பந்தர் யாழ்முரி என்னும் பதிகத்தைப் பாட, பாணரின் கை அதைத் தொடர முடியாமல் நின்றது. யாழை உடைக்க ஓங்கியவரைத் தடுத்து, கருவிக்கு எட்டிய அளவில் வாசித்து வாரும் என்று சம்பந்தர் அதைத் திருப்பிக் கொடுத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. எட்டாததற்குமுன் கருவியோடு நின்று, மறுநாளும் அதையே கையில் எடுப்பது பெரிய காரியம். பாணர் கடைசிவரை உடனிருந்தார். அவருடைய பக்தியே அந்த வாசிப்புதான்.

ஜெயராமனின் வாழ்வில் வெளிச்சமான பக்கங்களுக்குக் குறைவில்லை. 1965இல் எடின்பரோ விழாவில் வாசித்தார். அவர் வாசிப்பில் நெகிழ்ந்த வயலின் மேதை யெஹுதி மெனுஹின் தம் இத்தாலிய வயலினை அவருக்குக் கொடுத்தார். பத்ம பூஷண் வந்தது. வர்ணங்களும் தில்லானாக்களும் இயற்றினார். ஒன்பது ராகங்களில் மீனாட்சியைப் பாடும் ‘அங்கயற்கண்ணி’ வர்ணமும் மோகன கல்யாணித் தில்லானாவும் இன்று பரதநாட்டிய மேடைகளில் வாழ்கின்றன. 2013 ஏப்ரல் 22 அன்று சென்னையில் மறைந்தார்.

பிற்காலத்தில் அவர் பக்கவாத்தியம் வாசிப்பதை விட்டுத் தனிக் கச்சேரிகளில் நிலைத்தார். மேடை நடுவில் அவரே. தொடர்ந்து போகப் பாடகர் இல்லை. ஆனாலும் வில்லை அவர் தம் விருப்பத்துக்கு இழுக்கவில்லை. வயலினில் சொல் கிடையாது, ஒலி மட்டுமே. வில்லைத் தவறான இடத்தில் திருப்பினால் கீர்த்தனையின் சொல் நடுவில் உடைந்துபோகும். பாடுபவர் எந்த எழுத்தில் அழுத்துவாரோ அங்கே அழுத்தி, எங்கே சேர்த்துச் சொல்வாரோ அங்கே ஒரே வில்லில் சேர்த்து, சாஹித்யம் காதில் விழும்படி வாசித்தார். பிறர் பாடக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கைக்கே அது வரும். அவருடைய ஒலிப்பதிவுகளில் ஒரு தியாகராஜ கிருதியைக் கேளுங்கள். தெலுங்கு தெரியாதவருக்கும் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். தனிக் கச்சேரி என்று போட்டிருக்கும். அங்கேயும் அவர் தியாகராஜருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதாகவே எனக்குக் கேட்கிறது.